பல்லக்குத் தூக்கிய முன்வரிசைக்காரன்

கிருஷாந்த் பிரான்சில் என்ன செய்கிறான் என்று டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டிருந்தாலும், "படிக்கிறான்" என்றுதான் பதில் வந்திருக்கும். அவனுடைய தாய் ஞானேஸ்வரி அப்படிச் சொல்லி வைத்திருந்தார். முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு அதை நம்பலாம். ஒன்பதாவது வருடமும் அதே பதில்தான். ஒன்பது வருடமாகப் படித்து முடியாதவன் ஒன்றில் பெரிய மேதையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படுமொக்கனாக இருக்க வேண்டும். எங்கள் சனம் இரண்டையும் யோசிக்கவில்லை. படிப்பு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ரோல்ஸை எடுத்துக் கடிப்பார்கள்.

அவன் செய்தது ரக்பி விளையாட்டு. பொழுதுபோக்காக அல்ல, தொழிலாக. ஒப்பந்தம், சம்பளம், வரி, விடுமுறை எல்லாம் உள்ள தொழில். டென்மார்க்கில் அதைத் தொழிலாகச் செய்து பிழைக்க முடியாது. இங்கே அது அலுவலகம் முடிந்து வந்தவர்கள் சேற்றில் விழுந்து எழும்பிவிட்டுப் பியர் குடிக்கப் போகிற சமாச்சாரம். அப்படிப்பட்ட நாட்டில் பிறந்த ஒரு தமிழ்ப் பொடியன் அதைப் பிழைப்பாக்கிக் காட்டினான். வெளியில் சொல்ல அவன் வீட்டாருக்கு வெட்கம்.

நான் யோசேப். அவனுடைய தகப்பன் நித்தியானந்தனும் நானும் ஒரே தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் நின்றவர்கள். அவர்கள் சைவம், நான் வேதக்காரன், கத்தோலிக்கன். ஆகவே அவர்கள் வீட்டுச் சடங்குகளில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு கதிரையும் ஒரு சாப்பாட்டுத் தட்டும் தருவார்கள். சும்மா இருப்பவன் கண்ணில்தான் எல்லாம் படும்.

பதினாறு வயதில் கிருஷாந்த் அலுமாரி மாதிரி இருந்தான். உதைபந்தாட்டக் கழகத்தில் அவனை மைதான ஓரத்து வாங்கில் இருத்தியே இரண்டு பருவத்தைக் கழித்தார்கள். உடம்பு குறையட்டும் என்று தகப்பன் பட்மின்ரனுக்கு அனுப்பினார். உடம்பு குறையவில்லை, மட்டைகள்தான் உடைந்தன. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்த ஒரு வேல்ஸ்காரர் பக்கத்து நகரமான ஆர்ஹூஸில் ஒரு ரக்பிக் கழகத்துக்கு விளையாடிக்கொண்டிருந்தார். அவர்தான் இவனை வந்து பார்க்கச் சொன்னார். திறமையைக் கண்டெடுத்தார் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். அவர்களுக்கு ஆள் காணாது. பதினைந்து பேர் வேண்டிய இடத்துக்குப் பதின்மூன்று பேர் வந்தாலே பெரிய காரியம்.

வியாழக்கிழமைகளில் எனக்கு ஆர்ஹூஸில் பாடகர் குழுப் பயிற்சி இருந்தது. போகும்போது அவனை மைதானத்தில் இறக்கிவிட்டு, திரும்பும்போது ஏற்றிக்கொண்டு வருவேன். இருக்கையில் பழைய பேப்பர் விரித்துத்தான் இருத்துவேன், அப்படிச் சேறு.

"உதிலை என்னடா கண்டனி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்கிள், இஞ்சை நான் பாரமா இருக்கிறது நல்லதாம்" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை.

அவனுக்குக் கிடைத்த இடம் முன்வரிசை. ரக்பி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து தோளைத் தோளோடு கோத்து, தலையை எதிராளிகளின் தலைகளுக்கிடையில் செருகி, பந்துக்காகத் தள்ளுவார்கள். பின்னால் நிற்பவர்களின் பலமும் முன்னால் நிற்பவர்களின் பலமும் சந்திக்கிற இடத்தில் முன்வரிசைக்காரனின் கழுத்து இருக்கும். அவன் பந்தோடு ஓடுவது குறைவு. புள்ளி எடுப்பது அதைவிடக் குறைவு. பத்திரிகையில் படம் வந்தால் முதுகுதான் தெரியும். ஆனால் அவன் சரிந்தால் மற்ற ஏழு பேரும் சரிய வேண்டியதுதான்.

பத்தொன்பது வயதில், பொறியியல் படிக்கத் தொடங்கி ஒரு வருடம் முடிவதற்குள், பிரான்சின் தென்மேற்கில் ஒரு சிறிய ஊர்க் கழகம் அவனைக் கூப்பிட்டது. படிப்பை விட்டுவிட்டுப் போனான். காலையில் டயர் கடையில் வேலை, பின்னேரம் பயிற்சி. நாலாவது வருடம் டயர் கடையை விட்டான், கழகமே முழுச் சம்பளம் கொடுத்தது. பிறகு மூன்றாம் பிரிவில் விளையாடும் ஒரு கழகம் எடுத்துக்கொண்டது. மூக்கு இரண்டு முறை உடைந்தது, ஒரு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. விழுந்து விழுந்து வேலை செய்தான் என்று நாங்கள் சும்மா பேச்சுக்குச் சொல்வோம். அவன் உண்மையிலேயே அப்படித்தான் உழைத்தான்.

இடையில் எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து பிரான்சில் இருக்கும் லூர்து மாதா தலத்துக்கு யாத்திரை போனோம். அவனுடைய ஊர் அங்கிருந்து ரயிலில் அதிக தூரமில்லை. என் மனைவி அமலராணி மாதாவின் ஊற்றுத் தண்ணீரைப் போத்தல் போத்தலாக நிரப்பிக்கொண்டிருந்த சனிக்கிழமை, நான் ரயிலேறிப் போய் அவன் விளையாடுவதைப் பார்த்தேன். விதி ஒன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஏன் விசில் ஊதுகிறார்கள், ஏன் நிற்பாட்டுகிறார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு ஸ்க்ரம்மில் இவன் பக்கம் மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்ந்தது. எதிராளி வரிசை நெளிந்து முறிந்தது. இறைச்சிக் கடைக்காரனும் பள்ளிக்கூட வாத்தியாரும் குழந்தை தூக்கிய பெண்களுமாக அந்த ஊரே எழும்பி நின்று "கிரிஷ், கிரிஷ்" என்று கத்தியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம் பிள்ளை ஒன்றை ஒரு ஊர் முழுக்கத் தன் பிள்ளையாகக் கூப்பிடுவதை நான் முன்பு கேட்டதில்லை.

திரும்பி வந்து நித்தியானந்தனிடம் சொன்னேன். நான் பார்த்ததை எல்லாம் கையைக் காலை ஆட்டிச் சொல்லி முடித்தேன். மனுசன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பென்சன் இருக்காமோ?" என்றார். பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "யோசேப், உதை ஆரிட்டையும் கதைச்சுப்போடாதையும். நாளைக்குப் பொம்பிளை பாக்கேக்கை ரவுடி விளையாட்டு விளையாடுறவன் எண்டு சொல்லுவினம்" என்றார். எனக்கு வந்த எரிச்சலில் அன்று அவர் தந்த தேத்தண்ணியைக் குடிக்காமல் வந்தேன்.

இருபத்தெட்டாவது வயதில் கிருஷாந்துக்கு அந்த வாய்ப்பு வந்தது. இரண்டாம் பிரிவில் விளையாடும் ஒரு கழகம், இரண்டு வருட ஒப்பந்தம். முன்வரிசைக்காரர்கள் முப்பதை நெருங்கும்போதுதான் முற்றுவார்களாம், அவனே சொன்னான். ஒன்பது வருடமாக அவன் எந்தப் படிக்காக முட்டிக்கொண்டிருந்தானோ அந்தப் படி. ஒரே ஒரு நிபந்தனை: ஆனி மாதம் அவர்களுடைய வைத்தியர் உடம்பைச் சோதித்துச் சரி சொல்ல வேண்டும்.

அந்த மாசியில்தான் ஒரு ஆட்டத்தில் அவனுடைய கழுத்து அடிபட்டிருந்தது. வலது கை இரண்டு நாள் மின்சாரம் பிடித்தது போல இருந்ததாம். படம் எடுத்துப் பார்த்ததில் கழுத்தெலும்புகளுக்கு இடையில் இருக்கும் தட்டு ஒன்று கொஞ்சம் வெளியே தள்ளி நின்றது. தானாகவே ஆறிவிடும், ஆனிக்குள் சரியாகும், ஆனால் அதுவரை விளையாட்டும் இல்லை, தோளில் ஒரு பாரமும் ஏற்றக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். ஓய்வெடுக்க அவன் சித்திரையில் வீட்டுக்கு வந்தான். ஓய்வெடுக்க எங்கள் ஆட்களிடம் வருவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை.

அவனுடைய அக்கா தனுசியா கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொயில் இருக்கிறாள். அவளுடைய மகள் மிதுஷா பெரியபிள்ளையாகியிருந்தாள். அதற்கான சடங்கு, சாமத்தியவீடு, வைகாசியில். எங்கள் ஊரில் தாய்மாமன் தேங்காய் உடைப்பான், தலையில் தண்ணீர் வார்ப்பான், அதோடு அவன் கடமை முடிந்தது. இங்கே அப்படி முடிந்துவிடுமா? அதற்கு முதல் வருடம் ஒருவரின் மகள் புகைக்கு நடுவே ஒரு பெரிய தாமரைப் பூவைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாள். இன்னொருத்தி குதிரை வண்டியில் வந்தாள். குதிரை ஹோல் வாசலில் செய்த வேலையை அள்ளவும் ஒரு மாமன் தேவைப்பட்டான். இவர்களை எல்லாம் வெல்ல வேண்டும் என்று தனுசியாவும் அவளுடைய கணவன் சுபாங்கனும் ஜெர்மனியிலிருந்து வாடகைக்கு ஒரு பல்லக்கு ஒழுங்கு செய்திருந்தார்கள். இரும்புச் சட்டத்தில் மரம் அடித்து, மின்விளக்குப் பூட்டிய பல்லக்கு. யாழ்ப்பாணத்தில் பல்லக்கில் சாமி வந்ததைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

"தூக்க நாலு மாமன்மார் வேணும்" என்றாள் தனுசியா. சில்க்போர்க் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். "மூண்டு பேர் இருக்கினம். சொந்தத் தாய்மாமன் நீதான், முன்னுக்கு நீ நிக்கவேணும்."

கிருஷாந்த் கழுத்தைத் தொட்டுக் காட்டினான். ஒப்பந்தத்தைச் சொன்னான், ஆனி மாதச் சோதனையைச் சொன்னான், தட்டு வெளியே தள்ளி நிற்பதைச் சொன்னான். தமிழில் தொடங்கி, வார்த்தை வராமல் டெனிஷுக்குப் போய், திரும்பத் தமிழுக்கு வந்து சொன்னான். "அக்கா, தேங்காய் உடைக்கிறன், தண்ணி வாக்கிறன், முழு நாளும் நிக்கிறன். தோளிலை மட்டும் ஒண்டும் வைக்க ஏலாது."

"நூத்திருவது கிலோ ஆக்களைத் தள்ளுறவனுக்கு உந்தச் சின்னப்பிள்ளை பாரமோ?" என்றார் நித்தியானந்தன். ஒன்பது வருடமாக அந்த விளையாட்டின் பெயரைச் சொல்ல மறுத்த மனுசனுக்கு, எதிராளியின் எடை மட்டும் சரியாகத் தெரிந்திருந்தது.

"நீ தூக்காட்டி சனம் என்ன சொல்லும்? தமையனுக்கும் தமக்கைக்கும் கோவமோ எண்டு கேக்கும்" என்றார் ஞானேஸ்வரி. தம்பி என்பதைக்கூட மாற்றிச் சொல்லும் அளவுக்கு அவருக்குப் பதற்றம்.

சோபாவின் மூலையில் இருந்த மிதுஷா கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தி, தன்னால் நடந்து வர முடியும் என்று டெனிஷில் சொன்னாள். விழா யாருக்கோ அவளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். "உங்கடை ஆக்களிலை உந்த முறை இல்லைத்தானே, யோசேப்" என்று நித்தியானந்தன் சிரித்துக்கொண்டே என்னைக் கதிரையில் இருத்திவிட்டார்.

கிருஷாந்தையும் நான் சும்மா விடமாட்டேன். முன்வரிசையில் நின்று எத்தனையோ மலைகளைத் தள்ளியவனுக்குத் தாய்க்கும் தமக்கைக்கும் முன்னால் ஒரு "ஏலாது" என்பதில் உறுதியாக நிற்கத் தெரியவில்லை. ஒரு தரம் சொன்னான், இரண்டாம் தரம் சொன்னான், தாய் கண்ணைத் துடைத்ததும் "சரி, ஒருக்கா மட்டும்" என்றான். அன்றே அவனுக்கு இரண்டு அறை விட்டிருக்க வேண்டும்.

வைகாசிச் சனிக்கிழமை. இஷொயில் ஹோல் நிறைந்த சனம். மேளம், நாதஸ்வரம், தட்டு ஏந்திய பெண்கள், நிகழ்ச்சியை நடத்த லண்டனிலிருந்து வந்த ஒரு குரல். அந்தக் குரல் ஒலிவாங்கியில், "பிரான்ஸ் நாட்டையே கலக்கிக்கொண்டிருக்கும் எங்கள் விளையாட்டு வீரர், தாய்மாமன் கிருஷாந்த்" என்று முழங்கியது. படிப்பு எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. நித்தியானந்தன் முன்வரிசைக் கதிரையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருந்தார். சபையில் எடுபடும் என்று தெரிந்ததும் வெட்கம் பறந்துவிட்டது.

பல்லக்கு வாசலிலிருந்து மேடைவரை வந்தது. முன்னால் வலப்பக்கம் கிருஷாந்த். மற்ற மூன்று பேரும் கோப்பன்ஹேகனில் கணினிக்கு முன்னால் இருந்து வேலை செய்கிற ஒன்றுவிட்ட மாமன்மார், பாதி வழியிலேயே முகம் சிவந்துவிட்டது. இறக்கினார்கள். சனம் கைதட்டியது. நான் மூச்சு விட்டேன்.

அப்போது வீடியோக்காரர் கையை உயர்த்தினார். மேலே பறக்கவிட்ட கமராவில் ஏதோ பிழையாம். "மாமன்மார், ஒருக்காத் திருப்பி வாங்கோ!" திருப்பிப் போனார்கள், திருப்பி வந்தார்கள். பிறகு பூப் போடுகிற பிள்ளைகள் நேரத்துக்குப் போடவில்லையாம். "கடைசியா ஒருக்கா. சிரிச்சுக்கொண்டு வாங்கோ." பூசை நேரம் தவறினால் ஐயர் யாருக்காகவும் காத்திருக்கமாட்டார், ஆனால் வீடியோக்காரருக்காகக் காத்திருந்தார். எங்கள் சமூகத்தில் இன்று அவர்தான் குரு.

நான் எழும்பிப் போய்த் தனுசியாவிடம், "பிள்ளை, அவன்ரை கழுத்து" என்றேன். "அங்கிள், ஒரு நிமிசம், கமராவுக்கு முன்னாலை நிக்கிறியள்" என்றாள்.

மூன்றாம் முறை, ஹோலின் நடுவில், பளிங்குத் தரையில் கொட்டிய பூவிதழில் பின்னால் நின்ற ஒருவரின் புதுச் சப்பாத்து வழுக்கியது. அவர் விழ, பக்கத்தில் நின்றவர் பயத்தில் தடியை விட்டார். முன்னால் இடப்பக்கம் நின்றவர் தன் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு விலகினார். பல்லக்கு முழுக்க, உள்ளே பிள்ளையோடு, கிருஷாந்த் பக்கம் சாய்ந்தது. எந்த மனுசனும் தன்னைக் காத்துக்கொண்டு விலகியிருப்பான். இவன் விலகவில்லை. காலை அகட்டி, முதுகை நேராக்கி, தலையைச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, லூர்துக்குப் பக்கத்து ஊரில் நான் பார்த்தேனே, அதே நிலையில் தாங்கிக்கொண்டான். மற்றவர்கள் ஓடிவந்து பிடிக்கும்வரை பிடித்திருந்தான். மிதுஷாவின் தலையில் இருந்த பூக்கூட விழவில்லை.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. ஒழுங்கு செய்த வித்தை என்று நினைத்துவிட்டார்கள்.

சமையல் பக்கத்தில் அவனைத் தேடிப் பிடித்தேன். சோடாப் போத்தலின் மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். போத்தல் வலது கையிலிருந்து நழுவி நிலத்தில் உருண்டது. குனிந்து எடுத்தான், திரும்ப நழுவியது.

"அங்கிள், விரல் மூண்டும் விறைச்சுப் போச்சு" என்றான். சிறுபிள்ளை போல என் முகத்தைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அதற்குள் யாரோ வந்து, தாய்மாமன் குடும்பப் படத்துக்கு எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவனும் போனான்.

ஆனியில் பிரான்சிலிருந்து எனக்கு அழைத்தான். புதுக் கழகத்து வைத்தியர் தன் கையை நீட்டி, இறுக்கிப் பிடி என்றாராம். பிடித்தானாம். இறுக்கு என்று அவர் இன்னொரு தரம் சொன்னாராம். இவன் தன் பலம் முழுவதையும் போட்டு இறுக்கிக்கொண்டுதான் இருந்தானாம். பிறகு எடுத்த படத்தில் தட்டு நரம்பின் மேல் நன்றாக இறங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தால் சாதாரண வாழ்க்கை வாழலாம், ஸ்க்ரம்முக்குள் இனித் தலையை வைக்க முடியாது. கழகம் மரியாதையாகக் கைவிரித்தது. பழைய கழகம் ஏற்கெனவே வேறு ஆளைப் பிடித்துவிட்டது.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில்க்போர்க்குக்கு வந்து சேர்ந்தான். "நல்லதாப் போச்சு, இனி ஒரு ஒழுங்கான வேலையைப் பாக்கலாம்" என்று நித்தியானந்தன் ஆறுதல் சொன்னார். ஒழுங்கான வேலை எது? களஞ்சியத்தில் பெட்டி தூக்க ஏலாது. தாய் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கிவிட ஏலாது. ஒன்பது வருடம் படித்ததாக நம்பியிருந்தவர்களிடம் காட்ட ஒரு சான்றிதழும் இல்லை. கொம்யூன் என்கிற நகரசபை எங்கு அனுப்பினாலும் நேர்முகத்துக்குப் போய் இருந்தான், திரும்பி வந்தான். வியாழக்கிழமைகளில் என்னோடு ஆர்ஹூஸுக்கு வரச் சொல்லிக் கேட்டேன். மைதானத்தைப் பார்க்க விருப்பமில்லை என்றான்.

ஆடி மாதக் கடைசியில் வீடியோ வந்தது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. தனுசியா குடும்பம் இஷொயிலிருந்து வந்தது. ஹேர்னிங்கிலிருந்து கபிலன் என்பவரும் மனைவியும் வந்திருந்தார்கள், அவர்களுக்கும் ஒரு மகள். எனக்கு வழமையான கதிரை.

அந்த மூன்றாம் முறை திரையில் வந்தது. வீடியோக்காரர் அதை மெதுவாக ஓடவிட்டு, அடியில் இடி முழக்கம் போல் இசை போட்டிருந்தார். பல்லக்குச் சரிகிறது, கிருஷாந்த் தாங்குகிறான், கழுத்து நரம்பு ஒவ்வொன்றும் திரை முழுக்கப் புடைத்து நிற்கிறது. நித்தியானந்தன் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார்.

"பாருங்கோ, மூண்டு பேர் விட்டும் என்ரை மோன் விடேல்லை" என்றார். நடிப்பில்லை, உண்மையான பெருமை. அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

"எங்கடை பிள்ளைக்கும் ஆவணியிலை வைச்சிருக்கிறம்" என்றார் கபிலன். "தம்பி வந்தால் நல்ல எடுப்பா இருக்கும்."

"ஓம் ஓம், வருவான். சும்மாதானே நிக்கிறான்" என்றார் நித்தியானந்தன்.

கிருஷாந்த் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். இடது கையில் தேத்தண்ணிக் கோப்பை. சத்தம் போடாமல்தான் சொன்னான்.

"அப்பா, நான் விளையாடினதை ஒருக்காவும் வந்து பாக்கேல்லை நீங்கள். இதைத்தான் பாத்தனீங்கள். இதோடை முடிஞ்சுது."

தனுசியா தரையைப் பார்த்தாள். ஞானேஸ்வரி எழும்பி அடுப்படிக்குப் போனார். திரையில் பல்லக்கு இன்னமும் மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தது. விருந்தாளிகளுக்கு முன்னால் இப்படி ஒரு வார்த்தை விழுந்துவிட்டதே என்று நித்தியானந்தனின் முகம் கறுத்துப் போயிற்று. மகனைப் பார்க்காமல் கபிலன் பக்கம் திரும்பினார்.

"ஆவணியிலை எத்தினையாம் திகதி எண்டு சொன்னனீங்கள்?"